பிரபு எழும்பக் கூடாது

மேடை நிர்வாக வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். கறுப்புச் சட்டை வாங்கியாயிற்று, காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு "ஸ்டாண்ட்பை", "கோ" என்று சொல்லவும் பழகியாயிற்று. அதற்குள் உங்களில் சிலருக்கு ஒரு மிடுக்கும் வந்துவிட்டது, நான் கவனிக்காமல் இல்லை. போன வாரம் ஒரு பெண் என்னிடம், "மேடம், ஷோ நடக்கும்போது ஏதாவது தப்பாயிட்டா என்ன ரூல்?" என்று கேட்டாள். ரூல் எல்லாம் கையேட்டில் இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். கையேட்டில் இல்லாத ஒரு ராத்திரியைப் பற்றி நான் சொல்கிறேன்.

ஆக்லாந்து அரங்குகளில் பல வருஷம் இந்த வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சுழலும் மேடை, மேலிருந்து இறங்கும் தேவதை, நிஜ மழை எல்லாம் பார்த்தாயிற்று. அதில் எதிலும் கிடைக்காத பயமும் சிரிப்பும் ஒரு தமிழ் இசை நாடகத்தில்தான் எனக்குக் கிடைத்தது. அதுவும் ஓய்வு பெற்ற பிறகு, சம்பளமே இல்லாமல், மாலை டிபனுக்கு ஆசைப்பட்டு ஒப்புக்கொண்ட வேலை.

நாடகத்தை எழுதி இயக்கியவள் சுகந்தி. மலேசியாக்காரி. எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில் மேனேஜர். எஸ்டேட்டில் வெள்ளைக்காரத் துரைகளைப் பார்த்துப் பார்த்து, அவர்களைப் போல நடித்துக் காட்டிச் சிரித்து வளர்ந்த குடும்பம். அந்தச் சிரிப்பை எல்லாம் சேர்த்து, பிரிட்டிஷ் பிரபுக்களைக் கிண்டல் செய்து முழுநீள நாடகமே எழுதிவிட்டாள். கதை இதுதான். ஒரு பிரபுவின் மாளிகை. பிரபுவின் பூட்ஸைக் கழற்றுகிறவர் பட்லர். பட்லரின் பூட்ஸைக் கழற்றுகிறவன் வேலைக்காரன். வேலைக்காரனுக்குக் கழற்றுகிறவள் சமையற்கட்டுப் பெண். அவளுக்குக் கழற்ற ஆளில்லை, அதனால் அவள் வெறுங்காலோடு திரிகிறாள். ஒருநாள் ராஜாவே விருந்துக்கு வருவதாகச் சேதி வருகிறது. ராஜாவின் பூட்ஸைப் பிரபுதான் கழற்ற வேண்டும். பிறந்ததிலிருந்து ஒரு பூட்ஸையும் கையால் தொட்டதில்லை அவர். யாருக்கும் தெரியாமல் பட்லரிடமே பாடம் கேட்கிறார்.

முதல் காட்சியிலேயே பாட்டு. பிரபு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். பட்லர் தட்டோடு வந்து, மண்டியிட்டு, பூட்ஸைக் கழற்றிக்கொண்டே பாடுவார்.

"பூட்ஸ் இருக்கும் காலுக்கெல்லாம் கழற்ற ஒரு கை வேண்டும்,
கை இருக்கும் ஆளுக்கெல்லாம் கத்த ஒரு ஆள் வேண்டும்."

பிரபு நடுநடுவே "அடேய் மடையா, மெதுவாக!" என்று உறுமுவார். இந்தக் காட்சியில் பிரபு எவ்வளவு திமிராக உட்கார்கிறாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு பின்னால் சிரிப்பு வரும். அவர் மரியாதைக்காரராக இருந்தால் நாடகம் அங்கேயே படுத்துவிடும்.

பிரபுவாக நடித்தவன் கஜன். யாழ்ப்பாணத்துப் பையன், ஐடி வேலை, பிளாட் புஷ்ஷில் வீடு, மார்ட்கேஜ், மனைவி, மனைவியின் அப்பா. அவனுடைய குரலைக் கேட்டால் கூரை அதிரும். அவனை விட்டால் அந்தப் பாட்டைப் பாட ஆள் கிடையாது. பட்லராக நடித்த ஆளுக்கு நடுவில் வெலிங்டனில் வேலை கிடைத்து, மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு கிளென்ஃபீல்ட் ஹாலில் ஒத்திகை. கஜனோடு காரில் வந்து, பின்வரிசையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"நான் ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டோ?"

கஜனின் மாமனார் அவர். பெயர் சிவபாதம். ஊரில் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எல்லோருக்கும் 'சேர்', யாழ்ப்பாணத்து வாயில் சார். வாசித்தார். சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு வலித்துப்போயிற்று. இடுப்பு வளையும், கண் வளையாது. "உத்தரவு, பிரபு" என்று அவர் சொன்னால், 'உன்னைப் போல முட்டாளை நான் கண்டதில்லை' என்று காதில் விழும். எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "பள்ளிக்கூடத்துக்கு வந்த எத்தினை அமைச்சர்மாருக்கு மாலை போட்டிருப்பன், பிள்ளை!" என்றார்.

சுகந்தி அங்கேயே அவரைப் பட்லர் ஆக்கினாள். கஜனின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த ஒத்திகையில் தெரிந்தது. பிரபு உட்கார்ந்திருக்கிறார். பட்லர் நுழைகிறார். பிரபு சட்டென்று எழுந்து நிற்கிறார். எல்லோரும் சிரித்தோம். மறுபடி செய்யச் சொன்னோம், மறுபடி எழுந்தான். கால்மேல் போட்ட கால் தானாகக் கீழே இறங்கியது. "அடேய் மடையா" என்பதைச் சுவரைப் பார்த்துச் சொன்னான், அதுவும் மன்னிப்புக் கேட்கிற குரலில். சேர் மண்டியிட்டுப் பூட்ஸில் கை வைத்ததும், "ஐயோ மாமா, விடுங்கோ, நானே கழட்டுறன்" என்று குனிந்து கழற்றி, ஓரமாக ஜோடி சேர்த்து வைத்துவிட்டான்.

சொல்லிப் பார்த்தோம், திட்டிப் பார்த்தோம். எனக்கு அசாத்திய யோசனை ஒன்று வந்தது. பிரபுவின் இடுப்புப் பட்டியை நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். நாற்காலியோடு எழுந்து நின்றான்.

தனியாகக் கூப்பிட்டு, "என்னப்பா உனக்குப் பிரச்சனை?" என்று கேட்டேன்.

"என்னால ஏலாது அக்கா. இருக்கச் சொல்லி மூளை சொல்லுது, கால் கேக்குதில்லை. நான் படிக்கேக்க அவர்தான் எங்கட பிரின்சிப்பல். அவற்ற சப்பாத்துச் சத்தம் கேட்டாலே வகுப்பே எழும்பி நிக்கும். இப்ப எனக்கு மாமா வேற. கலியாணத்தில மச்சான் கால் கழுவி விட்டதுக்கே எனக்குக் கூச்சத்தில வேர்த்துப் போச்சு. இவர் என்ர காலைத் தொட்டா நான் என்ன செய்யிறது?"

பாவம், அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சுகந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள்.

"மாத்திப் போட்டுடலாம் லா. சார் பிரபு, கஜன் பட்லர். மாமனார் உக்காரட்டும், மருமகன் குனியட்டும். ஒருத்தருக்கும் கூச்சம் இல்ல. பாட்டை நான் மாத்தி எழுதிக்கிறேன்."

கேட்க ரொம்பப் புத்திசாலித்தனமாக இருந்தது. நானும் தலையாட்டிவிட்டு, டீ போட ஹால் சமையலறைக்குப் போனேன். அங்கே சேர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"பிள்ளை, நான் இந்த நாட்டுக்கு வந்த நாள் தொட்டு பிரபுதான். காலமை எழும்பினாக் கதிரையில இருத்திப்போடுகினம். தேத்தண்ணி கைக்கு வருது. புல்லு வெட்டுற மெஷினைத் தொட்டா மருமகன் ஓடி வந்து பறிக்கிறார். ஒரு கோப்பை கழுவினா மகள் அழுறா. கோயிலுக்குப் போனா என்னட்டப் படிச்ச பெடியள் எல்லாம் எழும்பி நிக்கிறாங்கள். எழும்பி நிக்கிற ஆக்களோட என்னத்தைக் கதைக்கிறது, சொல்லுங்கோ? இந்த பட்லர் வேலை ஒண்டுதான் எனக்கு இஞ்ச கிடைச்சது. அதையும் பறிச்சா நான் திரும்பக் கதிரைக்குத்தான் போகோணும்."

அவர் கழுவிய கோப்பைகள் பளபளவென்று வரிசையாக நின்றன.  டீயை மறந்துவிட்டு நேரே சுகந்தியிடம் போனேன். பேரம் பேசினேன். சனி, ஞாயிறு இரண்டு காட்சிகள். சனிக்கிழமை சேர்தான் பட்லர். பிரபு நாற்காலியை விட்டு எழுந்தால் ஞாயிற்றுக்கிழமை இருவரையும் மாற்றிவிடலாம். சுகந்தி பெருமூச்சு விட்டு ஒப்புக்கொண்டாள். மாமனாருக்கும் மருமகனுக்கும் சொன்னேன். சேர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கஜன் தன் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டான்.

சனிக்கிழமை வந்தது. ஹால் நிறைந்துவிட்டது. திரை இடுக்கில் முன்வரிசைகளைப் பார்த்தேன். எல்லாம் சேரிடம் படித்தவர்கள், இப்போது நரைத்த, வழுக்கை விழுந்த, தொப்பை போட்ட பெடியள். சேர் நடிக்கிறார் என்று கேள்விப்பட்டுக் குடும்பத்தோடு வந்திருந்தார்கள்.

நம் நிகழ்ச்சி என்றால் குத்துவிளக்கு ஏற்றாமல் தொடங்குமா? இங்கே ஹாலில் நெருப்பு என்றால் அலாரம் அலறும், தீயணைப்பு வண்டியே வந்து நிற்கும். அந்த ஒரு திரிக்காக நான் ஹால் பொறுப்பாளரிடம் நடையாய் நடந்து அனுமதி வாங்கியிருந்தேன். மேடை ஓரத்தில் நடராஜர், முன்னால் விளக்கு. நடிகர்கள் எல்லோரும் முழு வேஷத்தில் மேடைக்கு வந்து கும்பிட, ஒரு பெண் தேவாரம் பாடினாள். நான் கையில் தீயணைப்பானை வைத்துக்கொண்டு அந்தச் சுடரையே முறைத்துக்கொண்டு நின்றேன். அலாரம் அடிக்கவில்லை. நடராஜருக்கு நானும் ஒரு கும்பிடு போட்டேன். விளக்கை ஓரமாக நகர்த்தினார்கள். திரை மூடியது. "ஸ்டாண்ட்பை" என்றேன். கீபோர்டு முழங்கியது. "கோ." திரை விலகியது.

மாளிகை. தங்கச் சரிகைக் கோட்டில், பொய் மீசையோடு, சிம்மாசனம் போன்ற நாற்காலியில் பிரபு. கால்மேல் கால்.

வெறுங்கால்.

சாமி முன்னால் செருப்போடு யார் நிற்பார்கள்? பிரபுவும் சரி, வேலைக்காரனும் சரி, அத்தனை பேரும் கும்பிட வந்தபோது பக்கவாட்டுக் கதவடியில் பூட்ஸைக் கழற்றி விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒத்திகையில் விளக்கும் இல்லை, சாமியும் இல்லை, அதனால் இது ஒருநாளும் நடக்கவில்லை. எல்லார் கண்ணும் தீயில் இருந்தது, காலை யாரும் பார்க்கவில்லை. உங்களில் யாராவது எழுதிக்கொள்வதாக இருந்தால் இதை எழுதிக்கொள்ளுங்கள். நாம் எதை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறோமோ, அது ஒழுங்காக நடந்துவிடும், கவனிக்காமல் விட்டதுதான் காலை வாரும்.

பூட்ஸ் பாட்டு. பூட்ஸைப் பற்றி ஒரு முழு நாடகம். பிரபுவின் பத்து விரல்களும் விளக்கொளியில் அழகாகத் தெரிகின்றன. கஜனும் அப்போதுதான் குனிந்து பார்த்தான். அவன் முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

சேர் என் பக்கத்தில், தேநீர்க் கூஜா வைத்த தட்டோடு, நுழையத் தயாராக நின்றார். திரையை மூடலாம். மூடினால் கலகலப்பு போய்விடும், கஜனும் உடைந்துபோவான். பாட்டைத் தாண்டிப் போகலாம். போனால் கதையே புரியாது. கீபோர்டுக்காரர் பக்கம் திரும்பி விரலால் வட்டம் போட்டுக் காட்டினேன், அதே இடத்தையே சுற்று என்று. புரிந்துகொண்டார், நல்ல மனுஷன். சமையற்கட்டுப் பெண்ணாக நடித்தவள் கதவடியில் இருந்தாள். கையைக் காட்டினேன், பிரபுவின் பூட்ஸைப் பாய்ந்து எடுத்து வந்தாள். கூஜாவைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, பூட்ஸைத் தட்டில் வைத்தேன்.

"சார், போட்டுவிட்டுட்டுத்தான் கழட்டணும்."

அவர் பூட்ஸைப் பார்த்தார். மேடையில் அந்த வெறுங்கால்களைப் பார்த்தார். அந்தக் கால்களைக் கையால் பிடிக்க வேண்டும் என்பதும், அப்போது மருமகன் என்ன செய்வான் என்பதும் எங்கள் இருவருக்குமே தெரியும். "விளங்குது, பிள்ளை" என்று தட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

டக், டக், டக். அவர் மட்டும் எப்படியோ தன் சப்பாத்தைத் திரும்பப் போட்டிருந்தார். அதிபரின் நடை.

முன்வரிசை எழுந்து நின்றது.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆட்டு மந்தை மாதிரி மொத்தமாக எழுந்தது. மனைவிமார் கோட்டைப் பிடித்து இழுக்கிறார்கள், அவர்கள் நிற்கிறார்கள். மேடையில் கஜனுக்கு அது போதாதா? கை நாற்காலிப் பிடியை அழுத்த, பின்புறம் மெல்ல மெல்ல மேலே வருகிறது. ஹாலின் பின்னால் ஒலிப் பெட்டியருகே இருந்த சுகந்தி ஹெட்செட்டில் அலறினாள். "எழுந்துட்டானா? முன்னாடி ஆளுங்க மறைக்கிறாங்க லா, ஒண்ணும் தெரியல!" ஒளி பார்க்கிற பையன், "அக்கா, பிளாக்அவுட் போடட்டுமா?" என்றான்.

என் விரல் ஹெட்செட்டின் பேச்சுப் பொத்தான் மேல் இருந்தது, அமுக்கி "கோ" என்றால் மேடை இருண்டுவிடும். இருட்டாக்கினால் எல்லோரையும் காப்பாற்றலாம். சேருக்கு வேலை போகும், அவ்வளவுதான். "கொஞ்சம் இரு" என்றேன். எதை நம்பிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். அந்த மனிதர் கோப்பை கழுவிய விதத்தை நம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சேர் மேடை நடுவில் நின்றார். தட்டை இன்னும் கொஞ்சம் உயர்த்தினார். இடுப்பை வளைத்து, கண்ணை வளைக்காமல், ஹால் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"பிரபு எழும்பக் கூடாது. எழும்பினால் எனக்கு வேலை போய்விடும்."

முன்வரிசை தடாலென்று உட்கார்ந்தது.

ஐயோ, அந்தச் சிரிப்பு! பின்வரிசையிலிருந்து தொடங்கி அலை அலையாக வந்தது. உட்கார்ந்தவர்களே தங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கீபோர்டுக்காரர் சிரித்ததில் சுரம் தப்பியது. அந்தக் கூத்துக்கு நடுவில் கஜன் மாமாவைப் பார்த்தான். அந்த வாக்கியம் நாடகத்தில் கிடையாது என்பதும், அது நாடகமே இல்லை என்பதும் எங்களைத் தவிர அவனுக்கு மட்டும்தான் தெரியும். கண் கலங்கிவிட்டது, நான் பார்த்தேன். பிறகு மெல்ல உட்கார்ந்தான். சாய்ந்தான். கால்மேல் கால் போட்டான். வெறுங்காலை மாமனாரின் மூக்குக்கு நேரே நீட்டி, கூரை அதிரக் கத்தினான்.

"அடேய் மடையா! கழற்ற வேண்டிய பூட்ஸை இன்னும் போட்டுவிடவில்லையா?"

"எழுந்துட்டானா இல்லையா?" என்றாள் சுகந்தி.

"உக்காந்துதான் இருக்கான். நல்லா உக்காந்திருக்கான்" என்றேன் நான்.

சேர் மண்டியிட்டார். மருமகனின் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்து, பாடிக்கொண்டே பூட்ஸை மாட்டினார். எங்கள் பிரபுவின் பூட்ஸ் எது தெரியுமா? பண்ணைக்காரர்கள் சேற்றில் போடுகிற ரப்பர் கம்பூட்ஸுக்குக் கறுப்பு மெழுகு பூசியது. காலுறை இல்லாமல், வேர்த்த காலில் மாட்டினால் அப்படியே கவ்விக்கொள்ளும். பாட்டில் கழற்ற வேண்டிய இடம் வந்தது. இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். பூட்ஸ் வராமல் பிரபுவே வந்தார். நாற்காலியிலிருந்து வழுக்கி, தரையில் தொப்பென்று விழுந்து, மேடையைப் பாதி தூரம் பெருக்கிக்கொண்டு போனார். அப்போதும் கால் நீட்டித்தான் உட்கார்ந்திருந்தார். எழவே இல்லை. தரையில் கிடந்தபடியே "மெதுவாக, மடையா!" என்று பாடி முடித்தார். எனக்குச் சிரிப்பில் "கோ" சொல்ல வாய் வரவில்லை. விளக்குப் பையன் தானாகவே இருட்டாக்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை யாரையும் மாற்றவில்லை. பிரபு வெறுங்காலோடுதான் வர வேண்டும், பூட்ஸ் தட்டில்தான் வர வேண்டும் என்று சுகந்தி எழுதியே சேர்த்துவிட்டாள். முன்வரிசைக்காரர்களையும் திரும்ப வரச் சொல்லலாமா என்று கேட்டாள். சொல்லவே வேண்டியிருக்கவில்லை, அவர்களாகவே வந்து, அவர்களாகவே எழுந்தார்கள்.

நீங்கள் கேட்ட ரூலுக்கு வருகிறேன். ஏதாவது தப்பானால், முதலில் யாருக்கு என்ன போகப்போகிறது என்று பாருங்கள். நாடகம் போனால் அடுத்த வாரம் இன்னொரு நாடகம் வரும். பொத்தானை அமுக்கும்முன் அந்த ஆளை ஒருதரம் நினைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் கையேட்டில் இருக்கிறது.

கொஞ்ச நாள் கழித்து பிளாட் புஷ்ஷில் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். பின்பக்கம் புல்வெட்டும் மெஷின் சத்தம். கஜன் சோஃபாவில் உட்கார்ந்திருந்தான், உட்கார்வதற்கு அவன் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. மெஷின் சத்தம் நின்றதும், தொண்டையைச் செருமிக்கொண்டு, "மாமா, அக்காவுக்கு ஒரு தேத்தண்ணி" என்றான்.  உள்ளேயிருந்து சேரின் மகள் எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய்விட்டாள்.

சேர் வந்தார். முழங்கால்வரை புல், காலில் அதே கம்பூட்ஸ், கையில் தட்டு, முகமெல்லாம் பிரகாசம். எத்தனையோ பேரை மேடையில் பார்த்தவள் நான், ஒரு கோப்பைத் தேநீரை அவ்வளவு கர்வத்தோடு யாரும் கொண்டுவந்து பார்த்ததில்லை. அவர் நெருங்கி வந்ததும் என்னையறியாமல் நான் எழுந்திருக்கப் போனேன்.

"இருங்கோ, பிள்ளை" என்றார் அவசரமாக. "எனக்கு வேலை போயிடும்."

உட்கார்ந்தேன்.